எதற்குக் கேபிள், எதற்கு வைஃபை?

"கேபிள் போடலாமா, வைஃபையே போதுமா?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்தச் சாதனத்துக்கு? வீடு முழுவதற்கும் சேர்த்து ஒரே பதிலைத் தேடினால், அது பெரும்பாலும் ஆறு ஆன்டெனா வைத்த விலையுயர்ந்த ரவுட்டர் ஒன்றில் போய் முடியும். அதை மாட்டிய பிறகும் மூலை அறையில் வீடியோ அழைப்பு திக்கும். சாதனம் வாரியாகப் பிரித்துப் பார்த்தால் முடிவெடுப்பது சுலபம், செலவும் குறையும். என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நகராத சாதனங்களுக்குக் கேபிள், கையோடு நகர்பவற்றுக்கு வைஃபை. ஏன் என்று புரிய, கொஞ்சம் அடிப்படை வேண்டும்.

வெளியிலிருந்து வரும் இணைய இணைப்பு முதலில் மோடத்தில் வந்து சேர்கிறது. ஃபைபர் இணைப்பு என்றால் அந்த இடத்தில் ஓஎன்டி என்ற சிறு பெட்டி இருக்கும். அதற்கு அடுத்தது ரவுட்டர். ரவுட்டர் என்று நாம் ஒரே பெயரில் சொல்லும் பெட்டிக்குள் மூன்று வேலைகள் நடக்கின்றன. வீட்டு நெட்வொர்க்குக்கும் வெளி இணையத்துக்கும் நடுவே நின்று போக்குவரத்தைக் கடத்திவிடுவது ஒன்று. அசல் ரவுட்டர் வேலை அதுதான். பின்பக்கம் இருக்கும், வீட்டுச் சாதனங்களைக் கேபிளில் இணைக்கும் லேன் போர்ட்களுக்கு இடையே தகவலைக் கைமாற்றுவது இன்னொன்று, அது சுவிட்ச். ரேடியோ அலையில் போனோடும் லேப்டாப்போடும் பேசுவது மூன்றாவது. அது ஆக்சஸ் பாயின்ட். சிலர் மோடத்தையும் இதே பெட்டிக்குள் அடக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். எல்லாம் ஒரே டப்பாவில் இருந்தாலும் வேலைகள் வேறு வேறு. "வைஃபை எட்டவில்லை, புது ரவுட்டர் வாங்கட்டுமா?" என்று கேட்கும் பலருக்கும் தேவைப்படுவது ரவுட்டரே அல்ல, இன்னொரு ஆக்சஸ் பாயின்ட்.

ஒரு சாதனம் கேபிளில் வந்தாலும் சரி, வைஃபையில் வந்தாலும் சரி, உள்ளே வந்ததும் முதலில் முகவரி கேட்கும். ரவுட்டரில் ஓடும் டிஎச்சிபி அதற்கு 192.168.1.23 போல ஓர் ஐபி முகவரியைக் கொடுக்கும். வெளியே போக எந்த வாசல், பெயர்களைத் தேட எந்த டிஎன்எஸ் சர்வர் என்பதையும் கூடவே சொல்லிவிடும். 192.168 என்று தொடங்குபவை, 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை உள்ளவை ஆகிய மூன்று தொகுப்புகளும் உள் நெட்வொர்க்குகளுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. 1996-இல் வந்த ஆர்எஃப்சி 1918 என்ற ஆவணத்தில் அந்த விதி இருக்கிறது. அதனால்தான் உங்கள் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் அதே 192.168.1.23 இருந்தும் மோதல் வருவதில்லை. வெளியே போகும் தகவலில் ரவுட்டர் தன் பொது முகவரியைப் போட்டு அனுப்புகிறது. பதில் வந்ததும், கேட்ட சாதனம் எதுவோ அதனிடம் சேர்க்கிறது. இதற்கு நாட் என்று பெயர்.

இடையில் ஒரு சின்னக் குறிப்பு. சாதனத்தில் 169.254 என்று தொடங்கும் முகவரி தெரிந்தால், டிஎச்சிபியிடமிருந்து பதிலே வரவில்லை, சாதனம் தானாக ஒரு முகவரியை வைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த நிலையில் வேகம் குறைவு என்று ஆராய்வது வீண். இணைப்பே இன்னும் முழுமையாகவில்லை.

ஆக, முகவரி மட்டத்தில் கேபிளுக்கும் வைஃபைக்கும் வித்தியாசம் கிடையாது. பிட்கள் எந்த வழியாகப் பயணிக்கின்றன என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

காற்று எல்லாருக்கும் பொது

ஓர் அறையில் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேச நினைப்பவர் முதலில் காது கொடுத்துக் கேட்க வேண்டும். யாரும் பேசவில்லை என்றால் கொஞ்சம் பொறுத்துப் பேசலாம். வைஃபை ஏறக்குறைய இப்படித்தான் ஓடுகிறது. ஒரு சேனலில் ரவுட்டரும் சரி, போனும் சரி, அனுப்புவதற்கு முன் அலைவரிசை காலியா என்று கவனிக்கும். சிறு இடைவெளி விட்டு அனுப்பும். கிடைத்தது என்ற ஒப்புதல் வரும்வரை காத்திருக்கும். ஒப்புதல் வராவிட்டால் மறுபடி அனுப்பும். அனுப்புவதும் பெறுவதும் ஒரே சேனலில் மாறி மாறித்தான் நடக்கும்.

இதில் மெதுவாகப் பேசுகிறவரால் வரும் சிக்கலைப் பலரும் கவனிப்பதில்லை. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மெகாபைட் என்பது 8 மெகாபிட். ரவுட்டர் பக்கத்தில் இருக்கும் லேப்டாப் 400 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 400 மெகாபிட்) வேகத்தில் அதை வாங்கினால் 20 மில்லிசெகண்டில் முடிந்துவிடும். இரண்டு சுவர் தாண்டி, சிக்னல் செத்துப்போன இடத்தில் இருக்கும் டிவி 10 எம்பிபிஎஸ் வேகத்தில் அதே ஒரு மெகாபைட்டை வாங்க 800 மில்லிசெகண்ட் ஆகும். ஒரே அளவுத் தகவலுக்கு நாற்பது மடங்கு நேரம் சேனலைப் பிடித்துக்கொள்கிறது. ஒரே மூச்சில் இல்லை, துண்டு துண்டாகத்தான். ஆனால் கூட்டினால் அவ்வளவு நேரம் மற்றவர்களுக்குக் கிடைக்காது. தூரத்து டிவி மெதுவாக இருப்பது டிவியின் பிரச்சினையோடு நிற்பதில்லை. பக்கத்தில் இருக்கும் லேப்டாப்பும் சேர்ந்து அடிவாங்குகிறது.

இந்த அறையில் உங்கள் சாதனங்கள் மட்டும் இல்லை. அதே சேனலில் இருக்கும் அண்டை வீட்டு வைஃபையும் அதே வரிசையில்தான் நிற்கிறது. 2.4 ஜிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மேலே விழாத சேனல்கள் 1, 6, 11 ஆகிய மூன்றே. சேனல்களுக்கு இடையே 5 மெகாஹெர்ட்ஸ்தான் இடைவெளி, ஒவ்வொன்றும் பிடிக்கும் அகலமோ 20. "3 காலியாக இருக்கிறதே" என்று அதற்கு மாற்றினால் 1-இல் இருப்பவர்களின் இரைச்சலும் 6-இல் இருப்பவர்களின் இரைச்சலும் சேர்ந்தே வரும். மைக்ரோவேவ் அடுப்பும் ப்ளூடூத்தும் இதே அலைவரிசையில்தான் இருக்கின்றன. 5 ஜிகாஹெர்ட்ஸில் சேனல்கள் அதிகம், வேகமும் அதிகம். ஆனால் சுவரைத் தாண்டும்போது அது சீக்கிரம் களைத்துப்போகும். கம்பி போட்ட கான்கிரீட் சுவர் என்றால் இன்னும் மோசம்.

புதிய தலைமுறைகள் இந்த நெரிசலைக் கொஞ்சம் குறைத்திருக்கின்றன. வைஃபை 6-இல் ஒரு சேனலையே கூறுபோட்டு, ஒரே நேரத்தில் பல சாதனங்களுக்குச் சின்னச் சின்னப் பங்கு கொடுக்க முடியும். 2024-இன் தொடக்கத்தில் சான்றளிப்பு தொடங்கிய வைஃபை 7-இல் ஒரு சாதனம் இரண்டு அலைவரிசைகளை ஒன்றாகப் பயன்படுத்தலாம். நல்ல முன்னேற்றங்கள்தான். ஆனால் ரவுட்டர் மட்டும் புதிதாக இருந்தால் போதாது, போனும் லேப்டாப்பும் அதே தலைமுறையாக இருக்க வேண்டும். பழைய டிவி பழைய வேகத்தில்தான் பேசும்.

ரவுட்டர் பெட்டி மேல் அச்சிட்டிருக்கும் எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். வைஃபை 6 ரவுட்டரில் 'ஏஎக்ஸ்3000' என்பது 2.4 ஜிகாஹெர்ட்ஸில் 574 எம்பிபிஎஸ், 5 ஜிகாஹெர்ட்ஸில் 2402 எம்பிபிஎஸ் என்று இரண்டையும் கூட்டி வந்த எண். அந்தத் தலைமுறைப் போன்கள் பொதுவாக அந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து வாங்குவதில்லை. 2402 கிடைக்க 160 மெகாஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். 80 அகலத்தோடு நின்றுவிடும் சாதனத்துக்கு அது 1201. காத்திருப்பு, ஒப்புதல் எல்லாம் போக, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும் கோப்பு இறங்கும் வேகம் அதில் பாதியோ, கொஞ்சம் கூடவோதான் இருக்கும்.

கேபிள் இந்தக் கட்டத்தைத் தாண்டி வந்துவிட்டது

ஈதர்நெட்டும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது. 1971-இல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழு அலோஹாநெட் என்ற ரேடியோ நெட்வொர்க்கை ஓட்டியது. தீவுகளுக்கு இடையே எல்லாரும் ஒரே அலைவரிசையில் பேசினார்கள். அந்த யோசனையை எடுத்து, 1973-இல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் பாப் மெட்காஃப் ஈதர்நெட்டை உருவாக்கினார். அன்றைய ஈதர்நெட்டில் எல்லாக் கணினிகளும் ஒரே தடித்த கேபிளைப் பங்குபோட்டன. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் மோதல், மறுபடி முயற்சி. பிறகு வந்த ஹப்பும், ஒரு போர்ட்டில் வந்ததை எல்லாப் போர்ட்டுக்கும் கத்திச் சொல்லும் கருவியாகத்தான் இருந்தது.

சுவிட்ச் வந்ததும் கதை மாறியது. எந்த மேக் முகவரி (ஒவ்வொரு சாதனத்துக்கும் உள்ள வன்பொருள் முகவரி) எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று அது பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்கிறது. உரியவரின் போர்ட்டுக்கு மட்டும் அனுப்புகிறது. ஒவ்வொரு சாதனத்துக்கும் தனிக் கேபிள், ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் செய்யலாம், யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். காற்றுக்கு இப்படி ஒரு சுவிட்ச் கிடையாது. வைஃபைக்கும் கேபிளுக்கும் உள்ள அசல் வித்தியாசம் இதுதான். எம்பிபிஎஸ் எண்களெல்லாம் இதற்கு அப்புறம்.

இதிலிருந்து ஒன்று கிடைக்கிறது. டிவியைக் கேபிளுக்கு மாற்றினால் டிவிக்கு லாபம் என்று நினைப்போம். அதைவிடப் பெரிய லாபம் கேபிளே இல்லாத போன்களுக்கு. மணிக்கணக்கில் வீடியோ இழுக்கும் ஒரு சாதனம் காற்றிலிருந்து வெளியேறினால், மிச்சமுள்ளவற்றுக்கு அத்தனை நேரமும் திரும்பக் கிடைக்கிறது. டிவி, மேசைக் கணினி, கேம் கன்சோல், கோப்புகளைச் சேமிக்கும் நாஸ் பெட்டி ஆகிய நான்கையும் நான் கண்ணை மூடிக்கொண்டு கேபிளில் போடச் சொல்வது அதனால்தான். கண்காணிப்புக் கேமராவும் இந்தப் பட்டியலில்தான் வரும். பிஓஇ வசதியுள்ள சுவிட்ச் இருந்தால் ஒரே கேபிளில் தகவலோடு மின்சாரமும் போய்விடும். 2003-இல் வந்த முதல் தரத்திலேயே ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் வரை உண்டு, ஒரு கேமராவுக்கு அது தாராளம். பிரின்டர் எப்படியும் இருக்கலாம், அது அனுப்புவதும் பெறுவதும் சொற்பம். லேப்டாப் இரண்டும் கெட்டான்: மேசையில் வைத்து வேலை பார்க்கும் நேரத்துக்கு ஒரு யுஎஸ்பி ஈதர்நெட் அடாப்டர், மற்ற நேரத்துக்கு வைஃபை.

ஸ்மார்ட் பல்ப், பிளக் வகையறாக்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அவை பெரும்பாலும் 2.4 ஜிகாஹெர்ட்ஸில் மட்டுமே பேசும், எப்போதாவது ஓரிரு வார்த்தை. எண்ணிக்கை நிறைய ஆகிவிட்டால் ஜிக்பீ போன்ற தனி ரேடியோவுக்கு மாற்றிவிடலாம்.

எந்தக் கேபிள்?

ஈதர்நெட் கேபிள்களின் வகையைக் 'கேட்' எண்ணால் சொல்வார்கள். புதிதாக இழுப்பதென்றால் கேட் 6. ஏற்கெனவே சுவருக்குள் கேட் 5ஈ இருக்கிறது என்றால் அதைப் பிடுங்க வேண்டாம். 5ஈ 100 மீட்டர் வரை 1 ஜிபிபிஎஸ் (1000 எம்பிபிஎஸ்) தரும். 2016-இல் வந்த தரத்தின்படி அதே கேபிளில் 2.5 ஜிபிபிஎஸும் ஓடும். கேட் 6-இல் சுமார் 55 மீட்டர் வரை 10 ஜிபிபிஎஸ், 100 மீட்டருக்கும் அந்த வேகம் வேண்டுமென்றால் கேட் 6ஏ. கேட் 8 என்பது டேட்டா சென்டர்களில் 30 மீட்டருக்குள் 40 ஜிபிபிஎஸ் ஓட்டுவதற்கு. வீட்டுக்கு அதை வாங்குவது காசைக் கரியாக்குவது. எண்ணைவிட முக்கியம் உள்ளே இருக்கும் உலோகம். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கேபிள்களை சிசிஏ என்பார்கள், மலிவாகக் கிடைக்கும். மின்தடை அதிகம், வளைத்தால் ஒடியும், பிஓஇ மின்சாரம் கொடுத்தால் சூடாகும். முழுச் செம்பு என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இழுக்கும்போது மின் வயர் போகும் அதே குழாயில் சேர்த்து நுழைக்காமல் தனிக் குழாய் வையுங்கள். கூடவே ஒரு நூலையும் விட்டு வைத்தால் நாளை இன்னொரு கேபிள் இழுக்கச் சுலபம்.

கேபிள் பக்கம் நான் அடிக்கடி பார்க்கும் கோளாறு ஒன்று உண்டு. இணைய வேகம் 300 எம்பிபிஎஸ் என்று வாங்கியிருப்பார்கள், வைஃபையில் 250 வரும், கேபிள் போட்டால் 94-தான் வரும். "கேபிள்தான் மெதுவா?" என்று குழம்புவார்கள். 94 என்ற எண்ணைப் பார்த்ததும் தெரிந்துவிடும்: இணைப்பு 100 எம்பிபிஎஸ்ஸில் விழுந்திருக்கிறது. கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகள். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு பின்கள் போதும். ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். கேபிள் முனையில் பிளக்கை அழுத்திப் பொருத்தும்போது நீலமோ பழுப்போ ஒரு கம்பி சரியாகக் கடிபடாமல் போனால், இணைப்பு அறுந்து போகாது, சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். விளக்கு எரியும், இணையம் வரும், யாருக்கும் சந்தேகம் வராது. கோப்பு நகலெடுக்கும்போது விநாடிக்கு 11, 12 மெகாபைட்டுக்கு மேல் ஏறவே ஏறாது என்பதும் இதே அறிகுறி. கணினியின் நெட்வொர்க் அமைப்பில் இணைப்பு வேகம் என்று ஓர் இடம் இருக்கும்; அங்கே 100 என்று காட்டினால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். மாற்றியும் சரியாகவில்லை என்றால் ரவுட்டரின் அடியில் பாருங்கள். மலிவு ரவுட்டர்களில் லேன் போர்ட்டே 100 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாத 10/100 வகையாக இருக்கும்; அதற்கு எந்தக் கேபிளும் மருந்தில்லை.

சிக்னல் எட்டாத அறைக்கு என்ன செய்வது?

கேபிள், வைஃபை விவாதம் உண்மையில் சூடாவது இந்த இடத்தில்தான். வழிகள் ஐந்தாறு இருக்கின்றன. விற்பவர் எதைச் சொல்கிறாரோ அதை வாங்கி வருவதுதான் வழக்கம்.

காசு செலவில்லாத வழியை முதலில் முயலலாம்: ரவுட்டரை நகர்த்துவது. இணைப்பு உள்ளே வரும் மூலையிலேயே, டிவிக்குப் பின்னால், அலமாரிக்குள், இரும்பு பீரோவை ஒட்டி என்றுதான் அது பெரும்பாலும் இருக்கும். உலோகம் அலையைத் திருப்பிவிடும், தண்ணீர் குடித்துவிடும். மீன் தொட்டியும் முகம் பார்க்கும் பெரிய கண்ணாடியும் அதனால்தான் எதிரிகள். நடு இடத்தில், தலைக்கு மேல் உயரத்தில், திறந்தவெளியாக வைத்துப் பாருங்கள். சிக்னலை டெசிபல் கணக்கில் காட்டும் செயலியைப் போனில் போட்டுக்கொண்டால் ஊகிக்க வேண்டியதில்லை. மைனஸ் 50 பிரமாதம், மைனஸ் 67 வரை வீடியோ அழைப்பு தாங்கும், மைனஸ் 80-இல் எதுவும் உருப்படாது. 3 டெசிபல் குறைந்தால் சக்தி பாதியாகிவிட்டது என்று அர்த்தம், எனவே ஒரு மீட்டர் நகர்த்தலைக்கூட அலட்சியமாக நினைக்க வேண்டாம்.

நகர்த்தியும் எட்டவில்லை என்றால் பலரும் வாங்குவது ரிப்பீட்டர். இதைத்தான் நான் கடைசியில் வைப்பேன். அது கேட்டதைத் திரும்பச் சொல்லும் கருவி. ஒரே ரேடியோ இருந்தால் ஒரே சேனலில் ஒரு தடவை கேட்டு, இன்னொரு தடவை சொல்ல வேண்டும், வேகம் பாதியாகிவிடும். போதாக்குறைக்கு, சிக்னல் வராத அறையிலேயே அதைச் செருகிவிடுவார்கள். அதுவே சரியாகக் கேட்காத இடத்திலிருந்து அது எதைத் திரும்பச் சொல்லும்? வாங்கித்தான் விட்டோம் என்றால், சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் பாதி வழியில் வையுங்கள்.

அடுத்தது மெஷ். இரண்டு மூன்று பெட்டிகள், ஒரே பெயர், ஒரே கடவுச்சொல், ஒரே செயலியில் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளலாம். வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: பெட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள எந்த ரேடியோ? மூன்று ரேடியோ உள்ள மெஷ்ஷில் ஒன்றை அந்த வேலைக்கென்றே ஒதுக்க முடியும். இரண்டே ரேடியோ உள்ள மலிவு மெஷ், நிர்வாகம் நன்றாகத் தெரிந்த ரிப்பீட்டர்தான். பெட்டிகளைக் கூட்டக் கூட்ட வேகம் கூடும் என்பதும் இல்லை. ஒரே சேனலில் நிற்கும் பெட்டிகள் ஒன்றின் நேரத்தை ஒன்று தின்னும். அப்புறம், நடந்துகொண்டே போகும்போது எந்தப் பெட்டிக்கு மாறுவது என்று முடிவெடுப்பது பெட்டி அல்ல, போன். மெஷ் அதற்கு யோசனை சொல்லும், போன் கேட்டால் சரி.

எல்லாவற்றிலும் சிறந்தது ஒரே ஒரு கேபிளை அந்தப் பக்கம் வரை இழுத்து, முனையில் ஓர் ஆக்சஸ் பாயின்ட் வைப்பது. மெஷ் பெட்டிகளையும் இப்படிக் கேபிளில் கோக்கலாம். கோத்துவிட்டால் பெட்டிகள் தங்களுக்குள் பேச ரேடியோவைச் செலவழிக்கும் குறை போயே போய்விடும். கையில் பழைய ரவுட்டர் ஒன்று சும்மா கிடந்தால் புதிதாக எதுவும் வாங்கக்கூட வேண்டாம். ஆனால் அப்படியே மாட்டினால் வம்பு. பழைய ரவுட்டரின் வேன் போர்ட்டில் (வெளி இணைய இணைப்புக்கான போர்ட்) கேபிளைச் செருகினால் அது தன் பங்குக்கு இன்னொரு நாட் போட்டு, தனக்கென்று ஒரு தனி நெட்வொர்க்கை உருவாக்கிக்கொள்ளும். இணையம் வரும், ஆனால் அந்தப் பக்கம் இருக்கும் பிரின்டர் இந்தப் பக்கம் இருக்கும் போனுக்குத் தெரியாது. சரியான வழி இது: முதலில் பழைய ரவுட்டரின் லேன் முகவரியை, முதல் ரவுட்டரோடு மோதாத, அதன் டிஎச்சிபி பங்கிட்டுக் கொடுக்கும் வரிசைக்கும் வெளியே உள்ள ஒன்றாக மாற்றுங்கள். முதல் ரவுட்டர் 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 வைக்கலாம். பிறகு அதில் டிஎச்சிபியை அணைத்துவிடுங்கள், முகவரி கொடுப்பவர் வீட்டுக்கு ஒருவர் போதும். வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் முதல் ரவுட்டரில் உள்ளவையே இருக்கட்டும், சேனல் மட்டும் வேறு. கடைசியாகக் கேபிளை வேன் போர்ட்டை விட்டுவிட்டு லேன் போர்ட்டில் செருகுங்கள். சில ரவுட்டர்களில் 'ஆக்சஸ் பாயின்ட் மோட்' என்று ஒரே பொத்தான் இருக்கும், அதைத் தட்டினால் இத்தனையும் தானாக நடந்துவிடும்.

சுவரைத் துளைக்க முடியாத வாடகை வீட்டில் என்ன செய்வது? மின் வயரிலேயே தகவலை அனுப்பும் பவர்லைன் அடாப்டர் உண்டு. ரவுட்டர் பக்கம் ஒன்று, தூரத்து அறையில் ஒன்று. பெட்டியில் 1000, 2000 என்று எண் இருக்கும், கிடைப்பது அதில் சிறு பகுதி. இரண்டு பிளக்கும் ஒரே மின் ஃபேஸில் இருந்தால் நன்றாக ஓடும், வேறு வேறு ஃபேஸ் என்றால் திண்டாடும். சுவர் சாக்கெட்டில் நேரடியாகச் செருக வேண்டும். சர்ஜ் பாதுகாப்புள்ள எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகினால் அது இந்தச் சிக்னலையே இரைச்சல் என்று வடிகட்டிவிடும். மோட்டார் ஓடும்போது தடுமாறும். வீட்டு வயரிங்கைப் பொறுத்து பிரமாதமாகவோ படுமோசமாகவோ இருக்கும் என்பதால், திருப்பித் தர முடிகிற இடத்தில் மட்டும் வாங்குங்கள். ஓடினால் ரிப்பீட்டரைவிட மேல். கேபிள் டிவிக்கு இழுத்த கோஆக்சியல் வயர் அறைக்கு அறை இருந்தால், அந்த வயரில் தகவலை அனுப்பும் மோகா அடாப்டர் இன்னும் நிதானமானது. அதுவும் இல்லையென்றால், சுவரின் அடிவிளிம்பை ஒட்டி ஓடும் தட்டையான பிளாஸ்டிக் பட்டைக்குள் கேபிளை மறைத்துவிடலாம். பார்க்க அவ்வளவு அழகில்லை, ஆனால் வேலை செய்யும்.

பக்கத்துக் கட்டடத்துக்கு இணைப்பு கொடுப்பதானால் செம்புக் கேபிள் வேண்டவே வேண்டாம். இடி மின்னல் நேரத்தில் இரண்டு முனையிலும் உள்ள கருவிகள் போய்விடக்கூடும். ஃபைபர் போடுங்கள், கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. தோண்ட முடியாவிட்டால் நேருக்கு நேர் பார்த்து ரேடியோவில் பேசிக்கொள்ளும் ஒரு ஜோடி வயர்லெஸ் பிரிட்ஜ் கருவிகள்.

பாதுகாப்பும் பராமரிப்பும்

கேபிளில் நுழைய ஆள் உள்ளே வர வேண்டும். வைஃபையில் தெருவில் நின்றால் போதும். அதனால் வைஃபையின் பாதுகாப்பு அமைப்பில் டபிள்யூபிஏ3-ஐத் தேர்ந்தெடுங்கள், பழைய சாதனங்கள் இருந்தால் ஏஇஎஸ் குறியாக்கம் உள்ள டபிள்யூபிஏ2. அவற்றுக்கு முந்தைய டபிள்யூஇபி 2001-லேயே உடைக்கப்பட்டுவிட்டது, அது மட்டுமே தெரிந்த சாதனம் இருந்தால் ஓய்வு கொடுத்துவிடுங்கள். பின் எண்ணால் இணையும் டபிள்யூபிஎஸ் வசதியை அணையுங்கள். எட்டு இலக்க எண்ணை இரண்டு பாதியாகப் பிரித்துச் சரிபார்க்கும் அதன் ஓட்டை 2011-இல் வெளியே வந்தது. விருந்தினர் நெட்வொர்க் ஒன்றைத் திறந்து, ஸ்மார்ட் பல்ப் கூட்டத்தை அங்கே தள்ளிவிடலாம்.

கேபிளுக்கென்று தனி வில்லங்கமும் உண்டு. மேசைக்கடியில் தொங்கும் முனையைப் பார்த்து, "கழன்று கிடக்கிறதே" என்று யாராவது அதே சுவிட்ச்சின் இன்னொரு போர்ட்டில் செருகிவிடுவார்கள். வளையம் உண்டாகிவிடும். எல்லாருக்கும் என்று அனுப்பிய ஒரு செய்தி சுற்றிச் சுற்றிப் பெருகி, சில விநாடிகளில் மொத்த அலுவலக நெட்வொர்க்கும் படுத்துவிடும். இதற்கென்றே ரேடியா பெர்ல்மன் 1985-இல் ஸ்பானிங் ட்ரீ என்ற வழிமுறையை வடிவமைத்தார். சுவிட்ச்சுகள் தாங்களே வளையத்தைக் கண்டுபிடித்து ஒரு போர்ட்டை மூடிவிடும். மேலாண்மை வசதி இல்லாத மலிவு சுவிட்ச்சுகள் பலவற்றில் அது இருக்காது. வீட்டுக்கு அவை போதும். பல பேர் கை வைக்கும் அலுவலகத்துக்கு மேலாண்மை உள்ள சுவிட்ச் வாங்குங்கள்.

வாங்குவதற்கு முன் மூன்று அளவுகள்

ஒரே லேப்டாப்பில், ஒரே வேகச் சோதனையை மூன்று இடத்தில் ஓட்டிப் பாருங்கள்: ரவுட்டரில் கேபிள் செருகி, பிறகு கேபிளைக் கழற்றி ரவுட்டர் பக்கத்தில் நின்று வைஃபையில், கடைசியாகப் பிரச்சினை உள்ள அறையில். முதல் எண்ணே குறைவு என்றால் சேவை நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். நீங்கள் வாங்கும் எந்தப் பெட்டியும் அதைச் சரிசெய்யாது. 94-க்குப் பக்கத்தில் நின்றால் மட்டும் அதற்கு முன் கேபிளையும் போர்ட்டையும் பாருங்கள். முதல் எண் சரி, இரண்டாவது குறைவு என்றால் ரேடியோ பக்கம்தான் கோளாறு: 2.4-இல் ஒட்டிக்கொண்டிருக்கலாம், சேனல் நெரிசலாக இருக்கலாம், இல்லை ரவுட்டரே பழசாக இருக்கலாம். புது ரவுட்டர் உண்மையிலேயே உதவக்கூடிய இடம் இது ஒன்றுதான். முதல் இரண்டும் சரி, மூன்றாவது மட்டும் விழுகிறது என்றால் தூரமும் சுவரும்தான் காரணம். அங்கே தேவை இன்னும் சக்திவாய்ந்த ரவுட்டர் அல்ல, அந்தச் சுவருக்கு அப்பால் ஒரு கேபிள் முனை. பகலில் மூன்றும் நன்றாக இருந்து, இரவு எட்டு மணிக்கு மேல் இரண்டாவதும் மூன்றாவதும் மட்டும் சரிந்தால் சேனலை மாற்றிவிட்டு அதே நேரத்தில் மறுபடி அளந்து பாருங்கள்.